வங்கி, தரகர், சிடிஎஸ்: பங்குக் கணக்குத் திறக்கும் முன்

2008ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 1,503 புள்ளிகளில் நின்றது. 2009 இறுதியில் அது 3,385. 2010 இறுதியில் 6,635. இரண்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல். உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த சந்தைகளில் ஒன்று என்று அப்போது எல்லோரும் புகழ்ந்தார்கள். அதற்கான முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது போர் முடிந்தது என்பதுதான். அந்த இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியில் வன்னி மக்கள் செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வெளியே வந்தவர்கள் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து கிணறு இறைத்தார்கள். எங்கள் அழிவின் மீது எழுந்த அந்த இலாபத்தில் எங்கள் பங்கு எதுவும் இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கிளிநொச்சியில் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கெழுதுவது எனது தொழில். கடந்த சில வருடங்களாக என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி வருமான வரியைப் பற்றியதல்ல. "வங்கியிலை பங்குக் கணக்குத் திறக்கலாமாமே, போனிலையே வாங்கி விக்கலாமாமே, உண்மையோ?" என்பதுதான். கேட்பவர்கள் ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பும் காசை வைத்திருக்கும் அக்காமார், தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள். அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நிலையான வைப்பில் காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர்களின் காசு எண்ணிக்கையில் அப்படியே இருந்தது. ஆனால் அதால் வாங்கக்கூடிய பொருள்தான் பாதியாகிவிட்டது.

உண்மைதான், திறக்கலாம். அரை மணித்தியாலத்தில் விண்ணப்பித்து முடிக்கலாம். ஆனால் "வங்கியிலை" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. எனவே அதை முதலில் விளக்க வேண்டும்.

இலங்கையில் வங்கி உங்களுக்காக நேரடியாகப் பங்கு வாங்கி விற்பதில்லை. அதைச் செய்பவர் பங்குத் தரகர். அவர் கொழும்புப் பங்குச் சந்தையின் உறுப்பு நிறுவனமாக இருக்க வேண்டும். இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் பெற்றிருக்க வேண்டும். சில தரகு நிறுவனங்கள் வங்கிகளுக்குச் சொந்தமானவை. என்டிபி செக்யூரிட்டீஸ் என்பது என்டிபி வங்கியின் குழுமத்தைச் சேர்ந்தது. அக்குயிட்டி ஸ்டொக் புரோக்கர்ஸ் என்பது ஹட்டன் நஷனல் வங்கியும் டிஎஃப்சிசி வங்கியும் கூட்டாகத் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. ஆகவே ஒரு வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் உங்களைத் தமது தரகு நிறுவனத்திடம் அனுப்பி வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அங்கே நீங்கள் திறப்பது வங்கிக் கணக்கு அல்ல. வங்கியில் கிடக்கும் உங்கள் வைப்புக்கு வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்புத் தருகிறது. பங்குக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வங்கியின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று கையெழுத்து வைத்ததால் பங்கு விலை இறங்காமல் இருக்கப்போவதில்லை.

அப்படியானால் வாங்கிய பங்கு யாரிடம் இருக்கிறது? தரகரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை. அது மத்திய வைப்பு முறைமை என்ற நிறுவனத்தில் உங்கள் பெயரில் இலத்திரனியல் பதிவாக இருக்கிறது. எல்லோரும் சிடிஎஸ் என்றுதான் சொல்வார்கள். இது 1991இல் தொடங்கப்பட்டது, கொழும்புப் பங்குச் சந்தைக்குச் சொந்தமானது. தரகர் நாளைக்குக் கடையை மூடினாலும் உங்கள் பங்குகள் சிடிஎஸ்சில் உங்கள் பெயரிலேயே இருக்கும். அவற்றை இன்னொரு தரகரிடம் மாற்றிக்கொள்ளலாம். "பங்குக் கணக்கு" என்று எல்லோரும் சொல்வது உண்மையில் இந்த சிடிஎஸ் கணக்கைத்தான். அதைத் திறப்பதற்குத் தரகர் ஒரு வாசல் மட்டுமே. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தரகர்கள் ஊடாகவும் கணக்கு வைத்திருக்கலாம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஆட்களின் பயம் எனக்குத் தெரியும் என்பதால். வன்னியில் தமிழீழ வைப்பகத்தில் நகையை அடகு வைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இறுதிப் போரில் இராணுவம் கைப்பற்றியதாகச் சொன்ன தங்கம் 2025 மே மாதத்தில்தான் பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது. அடகு வைத்த பற்றுச்சீட்டை மழையிலும் ஷெல்லிலும் பாதுகாத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் "இலத்திரனியல் பதிவு பத்திரமானது" என்று சொன்னால் அவர் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவரது அனுபவம் சொல்லும் கேள்வி மிகச் சரியானது: பொருள் யார் கையில் இருக்கிறது, காசு யார் கையில் இருக்கிறது, எதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது? பங்குக் கணக்கு விடயத்தில் இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் ஒரு ரூபாவும் அனுப்பக்கூடாது.

விண்ணப்பிக்கும் முறைக்கு வருவோம். முன்பு தாள் படிவங்களை நிரப்பித் தரகரிடம் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் கொழும்புக்கு அலைய வேண்டும். 2020 செப்டெம்பரில் கொழும்புப் பங்குச் சந்தை தனது கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்ட பின்னர் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. செயலியில் முதலில் தரகர் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்கள், உங்கள் முகத்தின் படம், முகவரிக்கான அத்தாட்சி, வங்கிக் கணக்கின் விபரம், தொழில், வருமானம், காசு எங்கிருந்து வருகிறது என்ற விபரம். தரகர் அவற்றைச் சரிபார்த்து அனுப்ப, சிடிஎஸ் கணக்கு எண் உங்களுக்கு வந்துசேரும். அதற்குப் பிறகு தரகரின் இணையவழி வர்த்தகத் தளத்துக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருவார்கள். செயலியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள பங்குச் சந்தையின் கிளைக்கு நேரே போய்க் கேட்கலாம்.

கொழும்பில் இருப்பவருக்கு இது இவ்வளவுதான். எங்களுக்கு இன்னும் சில முடிச்சுகள் உண்டு.

முதலாவது, பெயர். எங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, முகாமில் கொடுத்த அட்டையை வைத்து எடுத்த அடையாள அட்டையில் மூன்றாவது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டதா, முழுதாக எழுதியதா என்ற குழப்பம் வேறு. வங்கிக் கணக்கின் பெயரும் சிடிஎஸ் பெயரும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். வங்கிக்குப் போய் அடையாள அட்டையில் உள்ளபடி பெயரைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

இரண்டாவது, முகவரி. எனக்குத் தெரிந்த ஒருவரின் அடையாள அட்டையில் மயிலிட்டி முகவரி. 1990இல் இடம்பெயர்ந்தவர்; இப்போது இருப்பது பரந்தனில் மைத்துனரின் காணியில். மின்சாரப் பட்டியல் மைத்துனரின் பெயரில். இப்படியானவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் தற்போதைய முகவரிக்கு வங்கிக் கூற்றை எடுத்து, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் எடுக்கப் போகும்போது "என்னத்துக்கு?" என்று விதானையார் கேட்பார். பங்குச் சந்தைக்கு என்று சொன்னால் ஆச்சரியப்படுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது முடிச்சைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் அரசாங்கம் 2014இல் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் போட்டது. பிறகு பலர் நீக்கப்பட்டார்கள், 2021இல் மீண்டும் ஒரு நீண்ட பட்டியல் வந்தது, 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 தனிநபர்களும் நீக்கப்பட்டார்கள். வங்கிகளும் தரகர்களும் புதிய வாடிக்கையாளரின் பெயரை இத்தகைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சட்டக் கடமை. ஒரே பெயரில் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் பொருந்தினால் விண்ணப்பம் தாமதமாகலாம், கூடுதல் கேள்வி வரலாம். அடையாள அட்டை எண்ணையும் பிறந்த திகதியையும் வைத்து அது நீங்கள் அல்ல என்று எழுத்தில் தெளிவுபடுத்தக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காசாக இருந்தால் அது வங்கி ஊடாக வந்ததற்கான பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். உண்டியலில் வந்த காசுக்கு அப்படி எந்தத் தாளும் இருக்காது.

வெளிநாட்டிலிருக்கும் தம்பி தனது காசைத் தானே முதலிட விரும்பினால் அதற்குத் தனி வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற வர்த்தக வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு என்பதைத் திறந்து, அதனூடாகப் பங்கு வாங்க வேண்டும். அப்போதுதான் விற்ற காசை மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியும். அப்படிச் செய்யாமல் அக்காவின் பெயரில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தம்பி வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இலாபம் வரும்வரை பிரச்சினை வராது. நட்டம் வந்தால் அல்லது தம்பிக்கும் தம்பியின் மனைவிக்கும் பிணக்கு வந்தால் சட்டத்தின் முன் பங்குகள் அக்காவுடையவை, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அக்காதான்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு ஒரு விடயம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் சொந்தக் காணியை விற்க முடியாமல் நீதிமன்றம் ஏறி இறங்குவது இதனால்தான். பங்கு அசையும் சொத்து. அதை வாங்கவோ விற்கவோ அந்தக் கையொப்பம் தேவையில்லை. கணக்கையும் தனியாகவே திறக்கலாம். திருமண காலத்தில் தேடியது யாருக்கு எவ்வளவு என்ற தேடியதேட்டக் கேள்வி வேறு. அதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவர் எந்த வங்கியில் என்ன வைத்திருந்தார் என்றே தெரியாமல் 2009க்குப் பிறகு அலைந்த பெண்கள் பலர். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் எடுத்தாலும், எங்கே தேடுவது என்று தெரிந்தால்தானே பயன்? கணக்குத் திறந்தால் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தரகரின் பெயரையும் சிடிஎஸ் எண்ணையும் சொல்லி வையுங்கள். கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டாம்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம், தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்கும் இடம். அங்கே உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். உங்கள் கணக்கில் பங்கு சேர்ந்தாலும் கழிந்தாலும் சிடிஎஸ் குறுஞ்செய்தி அனுப்பும். கூற்றுகள் மின்னஞ்சலுக்கு வரும். தரகரின் தயவின்றி இணையத்திலேயே இருப்பைப் பார்க்கவும் வழி உண்டு. "மின்னஞ்சல் இல்லையோ அக்கா, நான் என்ரையைப் போட்டுவிடுறன்" என்று உதவிக்கு வரும் பெடியன் நல்லவனாக இருக்கலாம். ஆனாலும் அந்த அத்தாட்சி உங்கள் கைக்கு வரவேண்டியது. அதேபோல் காசு அனுப்பும்போது தரகு நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனிநபர் ஒருவரின் கணக்குக்குப் போடச் சொன்னால், அவர் அந்த நிறுவனத்தின் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாலும், போடாதீர்கள்.

வாங்குவது விற்பது எப்படி? சந்தை வார நாட்களில் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. நான் பயன்படுத்தும் தளம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஒரு பங்கின் குறியீட்டில் 'என்' என்ற எழுத்து வந்தால் வாக்குரிமையுள்ள பங்கு, 'எக்ஸ்' வந்தால் வாக்குரிமையற்றது. சில வங்கிகளுக்கு இரண்டும் உண்டு, விலையும் வேறு. ஒரேயொரு பங்கைக்கூட வாங்கலாம். நீங்கள் கொடுக்கத் தயாரான ஆகக்கூடிய விலையைக் குறிப்பிட்டே கட்டளை போடுங்கள். 'சந்தை விலைக்கு' என்று போட்டால், விற்பவர் குறைவாக உள்ள பங்கில் நீங்கள் நினைக்காத விலைக்கு அகப்பட்டுவிடுவீர்கள். விற்ற காசு அன்றே வராது. இரண்டு வர்த்தக நாட்களின் பின்னரே தீர்க்கப்படும். ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்று காலையில் விற்று மாலையில் காசு எடுக்க முடியாது. சிறிய நிறுவனங்கள் சிலவற்றின் பங்குகளை வாங்க ஆளே இல்லாத நாட்களும் உண்டு.

செலவும் இருக்கிறது. தரகுக் கட்டணம் 0.64 வீதம், அதோடு சந்தை, சிடிஎஸ், ஆணைக்குழு ஆகியவற்றின் கட்டணங்களும் 0.3 வீத அரசாங்க வரியும் சேர்த்து மொத்தம் 1.12 வீதம். வாங்கும்போதும் கட்ட வேண்டும், விற்கும்போதும் கட்ட வேண்டும். 50,000 ரூபாவுக்கு வாங்கினால் 560 ரூபா. அதே விலைக்கு விற்றால் இன்னொரு 560. அதாவது விலை 2 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் உங்கள் காசு உங்களுக்குத் திரும்பும். ஒவ்வொரு நாளும் வாங்கி விற்றுச் சம்பாதிக்கலாம் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். பங்கிலாபம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும், 15 வீத வரி கழித்து.

ஏறும் சந்தை எப்படி இறங்கும் என்பதற்கும் உதாரணம் எங்கள் காலத்திலேயே உண்டு. போருக்குப் பிந்திய அந்த எழுச்சி 2011 தொடக்கத்தில் 7,800 புள்ளிகளையும் தாண்டி, பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தது. கடனெடுத்து வாங்கியவர்களின் பங்குகளைத் தரகர்கள் கட்டாயமாக விற்றார்கள். சில பங்குகளின் விலையைச் செயற்கையாக ஏற்றியவர்களை விசாரிக்க முயன்ற ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர், இந்திராணி சுகததாசவும் திலக் கருணாரத்னவும், 2011 டிசெம்பரிலும் 2012 ஓகஸ்டிலும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சந்தை ஐந்து நாட்கள் மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்த அன்றே வீழ்ச்சியால் மீண்டும் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு முடியும்போது சுட்டெண் ஏறத்தாழ 8,500. பிறகு சந்தை மீண்டும் ஏறி, 2024 முடிவில் 15,900ஐத் தாண்டியது என்பதும் உண்மை. ஆனால் மீண்டும் ஏறும்வரை பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கே அது பயன்பட்டது. நுண்கடன் தவணைக்காரர் திங்கட்கிழமை வாசலில் வந்து நிற்கும் வீட்டால் அப்படிப் பொறுத்திருக்க முடியாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மூன்று: அடகில் நகை இருக்கிறதா, நுண்கடன் இருக்கிறதா, ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு இருக்கிறதா? அடகு வட்டியை விஞ்சும் இலாபத்தை எந்தப் பங்கும் உறுதியாகத் தராது. முதலில் நகையை மீளுங்கள். இழப்பீடாக வந்த காசு, பிள்ளையின் படிப்புக்கு வைத்த காசு இவற்றையும் கொண்டுவராதீர்கள். அந்தக் காசுக்குத் திறைசேரி உண்டியல் இருக்கிறது. அதையும் வங்கி ஊடாக வாங்கலாம்.

என்ன பங்கு வாங்குவது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்வேன். திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து நிறுவனம் கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. யாழ் நகரில் நாங்கள் படம் பார்க்கப் போகும் கட்டடத்துக்குச் சொந்தமான கார்கில்ஸும் அப்படியே. இந்த நிறுவனங்கள் எங்கள் காசில்தான் வியாபாரம் செய்கின்றன. அவற்றின் ஆண்டறிக்கைகள் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு நிறுவனம் என்ன விற்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது, ஐந்து வருடங்களாகப் பங்கிலாபம் கொடுத்ததா என்று பார்த்துச் சொல்லத் தெரியாவிட்டால் வாங்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. கணக்கைத் திறந்துவிட்டு ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

கடைசியாக, வட்ஸ்அப்பில் வரும் குழுக்கள். "பங்குச் சந்தைப் பயிற்சி", "தினம் 3 வீத இலாபம்", "இரண்டு பேரைச் சேர்த்தால் கொமிஷன்" என்று வருபவை பங்குச் சந்தை அல்ல. ஆள் சேர்த்துக் காசு பிரிக்கும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்டவை. அவற்றை நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். மத்திய வங்கி இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்துவிட்டது, ஆனாலும் முல்லைத்தீவுக் கிராமங்கள் வரை வந்துவிட்டன. ஒருவர் உண்மையான தரகரா என்று அறிய எளிய வழி: கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்திலுள்ள உறுப்பினர் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள், அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே எடுத்து, உங்களோடு பேசியவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். அவர் தந்த எண்ணுக்கு எடுத்துக் கேட்காதீர்கள்.